யாரைப் பார்த்துத் தைத்தாய்?

"உள்ளே போட்டுக்கொள்வதை வெளியே போட்டுக்கொண்டு திரிவதா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். நாளைக் காலை ஆறரை மணிக்குத் தங்கள் தெருமுனை டீக்கடைக்குப் போய் ஐந்து நிமிஷம் நிற்கட்டும். பெஞ்சியில் நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் மூன்று பேர் பனியனோடு இருப்பார்கள். பனியன் என்பது என்ன? சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்வதற்கென்றே, வியர்வையை வாங்கிக்கொள்வதற்கென்றே பின்னித் தைத்த ஒரு வஸ்து. அக்குள், தோள், மார்பு முடி எல்லாவற்றையும் தாராளமாக வெளியே காட்டிக்கொண்டு, அந்த மூன்று பேரும் நாட்டு நடப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் இந்தக் காலத்தில் உடுத்துகிற லட்சணத்தைப் பற்றியும் பேசுவார்கள். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தால், அதற்கும் கீழே கோடு போட்ட அரை டிராயர் ஒன்று உலகத்தை எட்டிப் பார்க்கும். அவர்களிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டவர் இதுவரை யாரும் இல்லை.

எனக்கு இந்தக் கேள்வி பெருமாள்மலையில் கிடைத்தது. வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானல் போகிற பாதையும், பழனியிலிருந்து ஏறி வருகிற பாதையும் கூடுகிற இடம் அது. அங்கிருந்து கோடைக்கானல் 12 கிலோமீட்டர். பஸ்கள் நின்று மூச்சு வாங்கும், பிரயாணிகள் இறங்கி மலைப்பூண்டும் பேரிக்காயும் விலை கேட்பார்கள், வாங்குகிறவர்கள் கொஞ்சம்தான். அந்தக் கடைத் தெருவில் ஒரு தையல் கடை. கடை என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு மெஷின், ஒரு பலகை, ஒரு கண்ணாடி, ஒரு பெண். வயது 22 அல்லது 23 இருக்கும். தாயார் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறாள். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற தையல் மெஷின் ஒன்று அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு ஜாக்கெட் தைப்பாள், புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பாள், பள்ளிக்கூட யூனிபாரத்துக்கு ஒட்டுப் போடுவாள். நான் எழுதுவதற்காக அந்தப் பக்கம் போய்த் தங்குகிறபோதெல்லாம் என் தலையணை உறைகளும் அங்கேதான் போகும்.

சீஸன் தொடங்குகிற சமயத்தில் அவள் ஒரு வெள்ளைச் சாட்டின் கவுனைத் தைத்து, வருகிற போகிற டூரிஸ்டுகள் கண்ணில் படட்டும் என்று வாசலில் மாட்டினாள். தோளில் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத நாடா. மார்பின் மேல் விளிம்பில் லேஸ். இடுப்பில் மடிப்போ கொசுவமோ கிடையாது. கணுக்கால்வரை ஒரே ஓட்டமாக இறங்குகிற துணி. இரண்டாம் நாள் கடைக்கு இடம் விட்டிருக்கிற பெரியவர், துணைக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன பாப்பா, சிம்மீஸை வாசலில் மாட்டி வச்சிருக்கே?"

"சிம்மீஸ் இல்லைங்கய்யா, கவுன். ஒரு இங்கிலீஷ் படத்திலே பார்த்துத் தைச்சது."

"பார்த்துத் தைச்சியா? யாரைப் பார்த்து? அவங்க யாரு, நாம யாரு? உள்ளே எடுத்து வை."

"சரிங்கய்யா" என்று அவள் எடுத்து வைத்துவிட்டாள். வேறு என்ன செய்வாள்? கடை அவருடையது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் முதலில் கேட்டதையும் கடைசியில் கேட்டதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதல் கேள்வி துணியைப் பற்றியது. கடைசிக் கேள்வி துணியைப் பற்றியதே அல்ல.

அந்தப் படம் 1958-ல் வெளிவந்த 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்'. டென்னஸி வில்லியம்ஸ் எழுதிய நாடகத்தை ரிச்சர்ட் புரூக்ஸ் படமாக்கினார். சுடுகிற தகரக் கூரை மேல் பூனை என்று பெயருக்கு அர்த்தம். (பெருமாள்மலையிலும் தகரக் கூரைகள் உண்டு. பனி மூடிய அந்த ஊரில் எந்தப் பூனைக்கும் அந்தக் கஷ்டம் வராது.) எலிஸபெத் டெய்லர் அதில் கணவன் முகம் கொடுத்துப் பேசாத ஒரு மனைவி. தன் அறையில் உடை மாற்றுகிற இடைவேளையில், வெள்ளை உள்ளாடையோடு நின்று அவனோடு வாதாடுகிறாள், கெஞ்சுகிறாள், கோபிக்கிறாள். விளம்பரச் சுவரொட்டியிலும் அந்த உடைதான். அந்தப் படத்துக்கு உடைகளை வகுத்தவர் ஹெலன் ரோஸ் என்ற அம்மாள். 1956-ல் மொனாகோ இளவரசரைக் கல்யாணம் செய்துகொண்ட கிரேஸ் கெல்லிக்கு மணப்பெண் உடை வகுத்ததும் இதே கைதான். கழுத்துவரை மூடிய கல்யாண உடுப்பையும் தோள் திறந்த உள்ளாடையையும் ஒரே அம்மாள்தான் வகுத்தார். ஒன்று ஒழுக்கம், மற்றது ஒழுக்கக்கேடு என்று அவருடைய கத்தரிக்குத் தெரியாது போலிருக்கிறது.

இந்த மாதிரி ஒரு கவுனைத் தைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்குத் தெரியுமா? தெரியாது. எனக்கும் அந்தப் பெண் சொல்லித்தான் தெரியும். துணியில் நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. சாதாரண உடுப்பைப் பாவு நூலுக்கு ஒட்டி நேராக வெட்டிவிடலாம். அப்படி வெட்டினால் சாட்டின் உடம்பைத் தொடாமல் அட்டை மாதிரி நிற்கும். இந்தக் கவுனைப் பாவுக்கும் ஊடைக்கும் நடுவே, சரி பாதிச் சாய்வில் வெட்ட வேண்டும். அப்போதுதான் துணி கொஞ்சம் இழுபட்டுக் கொடுத்து, உடம்பு போகிற வழியெல்லாம் தானும் போகும். ஆனால் சாய்வில் வெட்டிய சாட்டின் பலகையில் விலாங்கு மாதிரி நழுவும். அவள் அடியில் பழைய செய்தித்தாளைப் பரப்பி, துணியை அதோடு சேர்த்து ஓட்டுத்தையல் போட்டு, தாளையும் துணியையும் ஒன்றாகவே வெட்டியிருக்கிறாள். குண்டூசி குத்தினால் சாட்டினில் தழும்பு மாறாது. ஆகையால் தையலுக்குள் மறைகிற ஓரத்தில் மட்டும்தான் குத்தலாம். உள்ளே லைனிங் கிடையாது. பிசிர் தெரியக் கூடாதென்றால் ஒவ்வொரு இணைப்பையும் முதலில் வெளிப்பக்கம் அடித்து, ஓரத்தை ஒட்ட நறுக்கி, புரட்டி, உள்பக்கம் மறுபடி அடிக்க வேண்டும். தைத்து முடித்ததும் உடனே கீழ் விளிம்பை மடித்துவிடலாமா? கூடாது. ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட வேண்டும். சாய்வுத் துணி தன் கனத்திலேயே ஒரு பக்கம் கூடுதலாக இறங்கும். இறங்கி நின்ற பிறகுதான் தரையிலிருந்து அளந்து சமமாக வெட்டி மடிக்கலாம். நாடாவைக் குழாயாகத் தைத்து, ஊசியின் காதில் நூலைக் கட்டி உள்ளே நுழைத்து, மெல்ல மெல்ல இழுத்துப் புரட்டுவதற்கு மட்டும் அவளுக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று.

இத்தனைக்கும் கையில் அளவுத்தாள் ஒன்றும் கிடையாது. கைபேசியில் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். முன்பக்கம் கொஞ்சம் தெரிந்தது; தையல் எங்கே ஓடுகிறது, எங்கே பிடித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஊகம். பழனியில் வாங்கிய மூன்றரை மீட்டர் துணி அது. வெட்டுவதற்குமுன் பழைய புடவையில் வெட்டிப் பார்த்து, அது சரியாக விழாமல், மறுபடி வெட்டியிருக்கிறாள். இதைப் 'பார்த்துக் காப்பியடித்தது' என்கிறார்கள். ஒரு ராகத்தைக் கேட்டு, வீட்டுக்கு வந்து, தானே பாடிப் பார்த்துப் பிடித்துவிடுகிற பையனை நாம் காப்பியடித்தான் என்றா சொல்கிறோம்? கேள்வி ஞானம் என்று மெச்சி நாலு பேரிடம் சொல்கிறோமே.

டென்னஸி வில்லியம்ஸின் இன்னொரு நாடகம் 1951-ல் படமாக வந்தது: 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்'. அதில் மார்லன் பிராண்டோ ஒரு முரட்டுத் தொழிலாளி. உடம்போடு ஒட்டிய ஒரு பனியனைப் போட்டுக்கொண்டு வருவார். அதுவரை அமெரிக்காவில் அது சட்டைக்குள் போடுகிற சரக்கு. சிப்பாய்களும் கூலிக்காரர்களும்தான் அதை மட்டும் போட்டுக்கொண்டு நிற்பார்கள். பிராண்டோ போட்ட பிறகு உலகமே போட்டது. இன்று டீ-சட்டை என்ற பெயரில் மந்திரி மகனும் போடுகிறான், மாட்டுக்காரன் மகனும் போடுகிறான். நம்முடைய திருப்பூரே அதனால் வாழ்கிறது. ஒரே ஆசிரியர், ஒரே மாதிரி இரண்டு படங்கள், ஏழு வருஷ இடைவெளி. ஆணின் உள்ளாடை வெளியே வந்தது. கப்பலேறிப் பணம் கொண்டு வந்தது. பெண்ணின் உள்ளாடை வெளியே வந்தது. பெருமாள்மலையில் வாசலிலிருந்து உள்ளே போய்விட்டது.

'நம் பண்பாடு என்று ஒன்று இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது. அதன் பீரோவைத் திறந்து பார்ப்போம். ஜாக்கெட் என்கிறோம், அது வெள்ளைக்காரன் கோட்டுக்கு வைத்த பெயர். பாடி என்கிறோம், இங்கிலீஷ்காரிகள் இறுக்கிக் கட்டிய பாடிஸ் அதற்கு உறவுமுறை. சிம்மீஸ் என்று பெரியவர் சொன்னாரே, அது பிரெஞ்சுப் பாஷை. உள்பாவாடையை இன்னும் பல வீடுகளில் பெட்டிகோட் என்றுதான் சொல்கிறார்கள். இது தமிழ்நாட்டோடு நின்ற கதையும் அல்ல. சத்தியேந்திரநாத் தாகூரின் மனைவி ஞானதானந்தினி தேவி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து திரும்பி, புடவைக்கு உள்ளே சட்டையும் பெட்டிகோட்டும் போடுகிற வழக்கத்தை வங்காளக் குடும்பங்களில் பரப்பினார். இன்று பத்தினிக் கோலம் என்று நாம் படம் போட்டு மாட்டுகிற உடுப்பில் பாதி, துரைசானிகளின் உள்ளாடைப் பெட்டியிலிருந்து வந்ததுதான். 1845-ல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிக் குடியேறினார்கள். அவர்கள் வீட்டு லேஸ் வைத்த பெட்டிகோட்டுகள் கொடியில் காய்ந்த மலை இது. அந்த மலைக்கா ஒரு சாட்டின் கவுன் புதுசு?

இன்னும் ஒன்று. சாய்வில் வெட்டுகிற அந்த வித்தை, 1920-களில் பாரிஸில் மதலேன் வியோனே என்ற தையற்கலைஞரால் பேர் பெற்றது. 1933-ல் 'டின்னர் அட் எய்ட்' படத்தில் ஜீன் ஹார்லோ உடுத்திய வெள்ளைச் சாட்டின் கவுன் அந்த வெட்டுக்குப் பிரசித்தம். அப்படியானால் பெருமாள்மலைப் பெண் இதை எங்கே கற்றாள்? பாரிஸுக்குப் போகவில்லை. எந்த ஊர்த் தையல்காரரையும் கேட்டுப் பாருங்கள்: "ஜாக்கெட் சாதா கட்டிங்கா, கிராஸ் கட்டிங்கா?" என்பார். கிராஸ் கட்டிங் ஜாக்கெட் என்றால் மார்புத் துண்டைச் சாய்வில் வெட்டுவது. அது உடம்போடு அழகாகப் படிந்து உட்காரும் என்பதனால்தான் நம் வீட்டு மாமிகள் கூலி கூடக் கொடுத்துக் கேட்டு வாங்குகிறார்கள். நூற்றுக்கணக்கில் கிராஸ் கட்டிங் ஜாக்கெட் வெட்டிப் பழகிய கை, அதே சாய்வை மார்பிலிருந்து கணுக்கால்வரை நீட்டியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. ஜாக்கெட்டில் இருக்கிறவரை பண்பாடு; அதற்குக் கீழே இறங்கினால் பண்பாடு போய்விட்டது!

ஆக, உள்ளாடையா வெளியாடையா என்பது இவர்களுடைய கோபத்துக்குக் காரணம் அல்ல. எவ்வளவு உடம்பு தெரிகிறது என்பதும் அல்ல. பின் என்ன? அதற்குத் தென்கோடிக்குப் போக வேண்டும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் ராஜ்யம். அங்கே நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்வது குற்றமாக இருந்தது. கிறிஸ்தவத்தில் சேர்ந்தவர்கள் குப்பாயம் போட்டார்கள். பிறகு மேல்ஜாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலையும் போட்டார்கள். கலகம் வந்தது. கடைத் தெருக்களில் பெண்களின் மேலாடையைக் கிழித்தார்கள். பல ஆண்டுகள் விட்டு விட்டு நடந்த அந்தத் தோள்சீலைக் கலகத்தின் முடிவில், 1859-ல் மகாராஜா ஓர் ஆணை பிறப்பித்தார். மார்பை மூடலாம், கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போடலாம், மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் உயர்ந்த ஜாதிப் பெண்கள் உடுத்துகிறபடி மட்டும் உடுத்தக் கூடாது.

மூடினாலும் குற்றம், நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு தோளைத் திறந்தாலும் குற்றம். இரண்டு குற்றத்துக்கும் பொதுவானது ஒன்றுதான்: தனக்கு மேலே இருப்பதாக நினைக்கப்படுகிற ஒருத்தியைப் பார்த்து, அவளைப் போல உடுத்த நினைத்தது. "யாரைப் பார்த்து? அவங்க யாரு, நாம யாரு?" என்று பெரியவர் கேட்டாரே, திருவிதாங்கூர் ஆணையில் இருப்பதும் இந்தக் கேள்விதான். அங்கே அடித்துக் கேட்டார்கள். இங்கே 'பாப்பா' என்று கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அந்த வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால், மே மாதத்தில் ஒரு சாயங்காலம் கோடைக்கானல் ஏரிக்கரைக்கு வாருங்கள். பட்டணத்துப் பெரிய ஹோட்டல் பெண்கள் இதே மாதிரி கவுனை, மேலே ஒரு கம்பளிச் சட்டையைத் தொளதொளவென்று போட்டுக்கொண்டு, படகுத் துறையில் நிற்பார்கள். அதைக் கடையில் ஆறாயிரம், ஏழாயிரம் கொடுத்து வாங்கியிருப்பார்கள். பெரியவரின் நண்பர்களுக்கு அங்கே கடைகள் உண்டு. "வாங்கம்மா, வாங்க" என்று சாக்லேட் விற்பார்களே தவிர, கவுனைக் கழற்றி உள்ளே வை என்று யாரும் சொல்லக் காணோம். விலை கொடுத்து வாங்கினால் நாகரிகம். தானே வெட்டித் தைத்தால் திமிர். காப்பித் தோட்டக்காரி மகள் தைத்தால் திமிரிலும் திமிர்.

பணக்காரர்கள் கைக்கு எட்டுகிறவரை எந்த உடுப்பும் ரசனைதான். ஏழைப் பெண்கள் அதைச் சௌகரியத்துக்காகப் போட ஆரம்பித்தால் பஞ்சாயத்து கூடிவிடுகிறது. நைட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கையறைக்கென்று வந்த அங்கி அது. நம் பெண்கள் அதைப் பகலுக்கும் கொண்டுவந்து, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் பிடிக்கவும் காய்கறி வாங்கவும் பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றவும் பழக்கிவிட்டார்கள். கழுத்திலிருந்து பாதம்வரை மூடுகிற அந்த அங்கியை, 2018-ல் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோக்கலப்பள்ளி என்ற கிராமத்தில் ஊர்ப் பெரியவர்கள் பகலில் போடக் கூடாது என்று தடுத்தார்கள். மீறினால் 2,000 ரூபாய் அபராதம். காட்டிக் கொடுத்தால் 1,000 ரூபாய் வெகுமதி! உடம்பு தெரிகிறது என்பது ஆட்சேபம் என்றால், நைட்டியைப் போல மூடுகிற உடை இந்தத் தேசத்தில் வேறு எது?

இலக்கிய நண்பர் ஒருவர் வேறு விதமாக ஆட்சேபித்தார். "எனக்கு ஒழுக்கத்தைப் பற்றிக் கவலை இல்லை. சினிமாவைப் பார்த்து உடுத்துவது என்ன ரசனை? அவளுக்கென்று சொந்தக் கற்பனை வேண்டாமா?" என்றார். அவருடைய மனைவி அப்போது அனார்கலி உடுத்திக்கொண்டு எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். 1960-ல் 'முகலே ஆஸம்' படத்தில் மதுபாலா ஆடிய பாத்திரத்தின் பெயரை இன்று ஊர் ஊராக ஜவுளிக் கடையில் அங்கிக்குச் சூட்டி விற்கிறார்கள். சரோஜாதேவியைப் பார்த்து ஜாக்கெட் தைத்துக்கொண்டவர்கள் இன்று பாட்டிகள். நதியாவைப் பார்த்துக் கம்மல் போட்டவர்கள் மாமியார்கள். சினிமா உடுப்பைப் பார்த்து உடுத்தாத தலைமுறை நம்மிடம் எதுவும் இல்லை. சொந்தக் கற்பனை வேண்டும் என்பது சரி. அது நாலு பேருடையதைப் பார்த்துச் செய்து கை திருந்திய பிறகுதான் வரும். நண்பருடைய முதல் நாவலை நான் படித்திருக்கிறேன். அதில் எந்த ருஷ்ய நாவலின் கிராஸ் கட்டிங் என்று என்னால் காட்ட முடியும். நட்புக் கருதி விட்டுவிடுகிறேன்.

ஆட்சேபங்களில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: குளிர். பெருமாள்மலையில் அந்தக் கவுனை மட்டும் போட்டுக்கொண்டு மாலை ஐந்து மணிக்கு வெளியே நின்றால் ஜுரம் வரும். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அதான் சார், மேலே போட்டுக்க ஒரு உல்லன் சட்டையும் யோசிச்சு வச்சிருக்கேன். அதுக்கும் சேர்த்துக் கூலி வாங்கலாம்ல?" என்றாள். அவளுடைய கணக்கில் ஒழுக்கமும் ஒழுக்கக்கேடும் இல்லை. ஒரு ஜாக்கெட் தைத்தால் என்ன கிடைக்கும், ஒரு கவுன் தைத்தால் என்ன கிடைக்கும் என்பது இருந்தது. ஏப்ரல், மே இரண்டு மாதம் கார்கள் வரிசையாக ஏறும். அந்த இரண்டு மாதத்தில் பத்து கவுன் ஆர்டர் கிடைத்தால், ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று வாங்கிவிடலாம் என்பது அவள் திட்டம். கவுன் உள்ளே போனதும் அந்த மெஷினும் உள்ளே போய்விட்டது. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று சொல்லிப் பெரியவர் தடுத்தது இதைத்தான். அந்த நாலு பேரில் ஒருவரும் அவளுக்கு ஓவர்லாக் மெஷின் வாங்கித் தரப்போவதில்லை.

வாடகை வாங்குகிறவருக்கு வாசலில் என்ன தொங்குகிறது என்று கேட்கிற உரிமை எங்கிருந்து வந்தது என்பதையும் யாராவது எனக்கு விளக்க வேண்டும். பக்கத்துக் கடை வாசலில் ஆண்களுடைய ஜட்டி ஒரு டஜன், அட்டைப் பெட்டியில் ஒரு மல்யுத்தக்காரன் படத்தோடு, வெயிலில் பழுத்துக்கொண்டு வருஷம் முழுவதும் தொங்குகிறது. அந்தக் கட்டடமும் அவருடையதுதான்.

பெரியவருக்கு நேரில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். யாராவது படித்துக் காட்டுவார்கள். ஐயா, வருகிற தை மாதம் உங்கள் பேத்திக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். மணப்பெண்ணுக்கும் சம்பந்தி வீட்டு அம்மாள்களுக்குமாகச் சேர்த்து 14 ஜாக்கெட்டுகள் அந்தப் பெண்ணிடம்தான் தைக்க வந்திருக்கின்றன. எல்லாம் கிராஸ் கட்டிங். முதுகில் கயிறும் குஞ்சலமும் வைத்து, கழுத்து இன்ன அளவு இறங்க வேண்டும் என்று கைபேசியில் ஏதோ ஒரு சினிமா நட்சத்திரத்தின் படத்தைக் காட்டி உங்கள் வீட்டிலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவளும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறாள். கூலியில் இதுவரை முன்பணம் ஒன்றும் வரவில்லையாம்.